பீய்ச்சிய தாய்ப்பாலைச் சேமிப்பதும் வெதுவெதுப்பாக்குவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிப் பால் என் பொறுப்பு. மனைவி படுக்கும் முன் பீய்ச்சி வைத்துவிடுவார். குழந்தை சிணுங்கினால் நான் எழுந்து, வெதுவெதுப்பாக்கி, புகட்டிவிட்டு வந்து படுப்பேன். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. அரைத் தூக்கத்தில், காது கிழிய அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஃப்ரிட்ஜைத் திறந்து நிற்கும்போதுதான் சந்தேகங்கள் வரிசைகட்டி வரும். இது நேற்றைய பாலா, முந்தாநாள் பாலா? பத்து மணிக்குப் பாதி குடித்துவிட்டு மீதி வைத்த பாட்டிலை இப்போது கொடுக்கலாமா? ஃப்ரீசரிலிருந்து எடுத்த பை உருகிவிட்டதே, குழந்தை தூங்கிவிட்டால் திரும்ப உள்ளே வைத்துவிடலாமா?

ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இவற்றில் பாதி தீர்ந்துவிடும். பீய்ச்சிய பால் ஒருவழிப் பாதையில்தான் போகும். புதுப் பாலைக் குளிர வைக்கலாம், குளிர்ந்ததை உறைய வைக்கலாம், உறைந்ததை உருக்கலாம், உருகியதை வெதுவெதுப்பாக்கலாம், அதன் பிறகு அது குழந்தையின் வாய்க்குப் போகலாம். இடையில் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிக்கலாமே தவிர, பின்னால் திரும்பக் கூடாது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் கையில் மிச்சமுள்ள நேரம் சுருங்கிக்கொண்டே வரும்.

இங்கே சொல்வதெல்லாம் நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்கு. குறைமாதக் குழந்தை, மருத்துவமனையில் இருக்கும் குழந்தை, எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை என்றால் மருத்துவர் சொல்லும் கணக்குதான் செல்லும்; அது இதைவிடக் கண்டிப்பாக இருக்கும்.

பீய்ச்சும் முன்

கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். பம்பில் பால் படும் பாகங்களை ஒவ்வொரு முறையும் கழற்றி, ஓடும் நீரில் அலசி, பிறகு சோப்பு நீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது பாத்திரம் தேய்க்கும் தொட்டி. பம்ப் பாகங்களை அதற்குள் நேரடியாகப் போட்டுக் கழுவாதீர்கள். வீட்டிலேயே கிருமிகள் அதிகம் குடியிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. இதற்கென்றே ஒரு சிறிய பேசினும் ஒரு பிரஷ்ஷும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் அவற்றைத் தொட வேண்டாம். கழுவியதைச் சமையலறைத் துணியால் துடைக்காமல், சுத்தமான துணியின் மேல் பரப்பி, காற்றில் தானாகக் காய விடுங்கள்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும் வரை நாளுக்கு ஒரு முறை இந்தப் பாகங்களைக் கிருமிநீக்கம் செய்வது நல்லது. கொதிக்கும் நீரில் மூழ்கும்படி போட்டு 5 நிமிடம் வைத்தால் போதும். ஆனால் எல்லாப் பாகங்களும் கொதிநீரைத் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம், பம்புடன் வந்த குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாய்க்குள் கறுப்பாகப் பூஞ்சை தெரிந்தால் அதைக் கழுவிப் பயனில்லை, தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

எதில் ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது

இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில், பிபிஏ (சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும் ஒரு வேதிப்பொருள்) கலக்காத கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், தாய்ப்பாலுக்கென்றே விற்கும் சேமிப்புப் பை ஆகிய மூன்றில் எது வசதியோ அது. சாதாரணப் பிளாஸ்டிக் பைகள் வேண்டாம். அவை உறையும்போது வெடிக்கும், கசியும், உணவுக்கு ஏற்றவையும் அல்ல.

ஒரு பாத்திரத்தில் 60 முதல் 120 மில்லி வரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தை சராசரியாக நாளுக்கு 750 மில்லியை ஒட்டிக் குடிக்கும். எட்டு வேளை என்றால் வேளைக்குச் சுமார் 94 மில்லி வரும். உங்கள் குழந்தை இதற்குக் கூடவோ குறையவோ குடிக்கலாம், இரண்டு மூன்று நாள் கவனித்தால் அளவு பிடிபட்டுவிடும். கூடவே 30 மில்லிப் பொட்டலங்கள் நாலைந்தையும் உறைய வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். குடித்து முடித்தும் உதட்டைச் சப்புக்கொட்டும் குழந்தைக்காக இன்னொரு முழுப் பையை உருக்கி, அதில் முக்கால்வாசியைக் கொட்டியவனுக்குத்தான் அந்தச் சின்னப் பொட்டலத்தின் அருமை தெரியும்.

உறைய வைப்பதானால் மேலே ஓர் அங்குலம் இடம் விட வேண்டும், பால் உறையும்போது விரியும். பையாக இருந்தால் காற்றை நீவி வெளியேற்றி, மூடியதும் ஒரு தட்டில் படுக்கை வசமாக வைத்து உறைய விடுங்கள். தகடு போல் உறைந்த பை சீக்கிரம் உருகும். பிறகு புத்தக அலமாரியில் அடுக்குவதுபோல் நிற்க வைத்து அடுக்கலாம். பழையது முன்னால், புதியது பின்னால்.

தேதியை ஊற்றுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். நிரம்பிய பையின் மேல் எழுதினால் பேனா வழுக்கும், ஈரத்தில் மை பரவும். எங்கள் ஃப்ரீசரில் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் நாள்கணக்கில் கிடந்த பை ஒன்று உண்டு. அந்தச் சந்தேகத்தின் பலனைக் குழந்தைக்குத்தான் தர வேண்டும் என்று கடைசியில் கொட்டிவிட்டோம்.

நேரக் கணக்கு

- புதிதாகப் பீய்ச்சியது, 25 டிகிரி செல்சியஸுக்கு மிகாத அறையில்: 4 மணி நேரம்
- ஐஸ் பேக்குகளோடு கூலர் பையில்: 24 மணி நேரம்
- ஃப்ரிட்ஜில், 4 டிகிரியில்: 4 நாள்
- ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில்: 6 மாதத்துக்குள் கொடுப்பது சிறப்பு, 12 மாதம் வரை ஏற்கத்தக்கது
- உறைந்து உருகியது, ஃப்ரிட்ஜில்: 24 மணி நேரம்
- உருகிய பின் அறை வெப்பத்துக்கு வந்தது அல்லது வெதுவெதுப்பாக்கியது: 2 மணி நேரம்
- குழந்தை வாய் வைத்துவிட்டு மீதி விட்டது: குடித்து முடித்ததிலிருந்து 2 மணி நேரம்

இவை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் கணக்கு. வேறு இடத்தில் வேறு எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை ஃப்ரிட்ஜுக்கு 8 நாள் தருகிறது, ஆனால் உள்ளே 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கும் என்ற உறுதி வேண்டும், இல்லாவிட்டால் 3 நாள்தான் என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சுத்தமும் குளிரும் எவ்வளவு நிச்சயம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது, அவ்வளவுதான். நாளுக்கு நாற்பது முறை கதவு திறக்கும் ஃப்ரிட்ஜுக்கு நான் 4 நாளைத்தான் நம்புவேன்.

அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்குகிறதே எப்படி என்று வியப்பாக இருக்கலாம். கலக்கிய பால்பவுடருக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு. தாய்ப்பாலில் உயிருள்ள வெள்ளணுக்கள் இருக்கின்றன, லாக்டோஃபெரின், லைசோசைம் போன்ற புரதங்கள் இருக்கின்றன. கிருமி பெருகவிடாமல் கொஞ்ச நேரம் அவை மல்லுக்கட்டும். உறைய வைத்தால் அந்த உயிரணுக்கள் அழிந்துவிடும். நாள்பட நாள்பட வைட்டமின் சி-யும் குறையும். ஆகவே ஃப்ரீசரில் பால் குவிந்து கிடக்கிறதே என்ற பெருமையில் புதுப் பாலை உறைய வைத்துவிட்டுப் பழையதை உருக்கிக் கொடுக்காதீர்கள். நாலு நாளுக்குள் தேவைப்படும் என்று தெரிந்தால் ஃப்ரிட்ஜ் போதும்.

ஃப்ரிட்ஜில் பாலுக்குரிய இடம் உள்பக்கத்தின் ஆழம். கதவுத் தட்டில் பாட்டில் கச்சிதமாகப் பொருந்தும், கைக்கு எட்டும், அதனாலேயே அங்கே வைத்துவிடுகிறோம். ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் வெப்பக் காற்று முதலில் படுவது அங்குதான். ஃப்ரீசரிலும் அப்படியே, உள்ளே தள்ளி, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். தனிக் கதவில்லாத, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும் ஐஸ் அறையாக இருந்தால் ஆறு மாதக் கணக்கு பொருந்தாது, இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

காலையில் 40, மதியம் 50 என்று சிறிது சிறிதாகக் கிடைப்பதை ஒன்றாக ஊற்றலாமா? ஊற்றலாம். ஆனால் புதிதாகப் பீய்ச்சிய சூடான பாலைக் குளிர்ந்த பாலில் நேராக ஊற்றாமல், தனியாக ஃப்ரிட்ஜில் குளிர வைத்த பிறகு சேர்க்க வேண்டும். உறைந்த பாலின் மேல் சூடான பாலை ஊற்றினால் அதன் மேற்பரப்பு உருகி மறுபடி உறையும். பாதை பின்னோக்கித் திரும்புகிறது. சேர்த்த பாலுக்கு, இருப்பதிலேயே பழைய பாலின் தேதியைத்தான் எழுத வேண்டும்.

உறைந்ததை உருக்குவது

நல்ல வழி, முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிடுவது. அவசரமென்றால் பையை வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் வையுங்கள், அல்லது குழாயில் ஓடும் வெதுவெதுப்பான நீரில் காட்டுங்கள். மேடையில் வைத்து மறந்துவிடுவது உருக்கும் முறை அல்ல. ஓரம் உருகி அறை வெப்பத்துக்கு வந்திருக்கும், நடுவில் மட்டும் கட்டியாக இருக்கும்.

ஃப்ரிட்ஜில் உருகும் பாலுக்கான 24 மணி நேரம், பால் முழுதாக உருகிய பிறகுதான் தொடங்குகிறது, ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து அல்ல. உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

வெதுவெதுப்பாக்குவது

முதலில் சொல்ல வேண்டியது: வெதுவெதுப்பாக்கியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நலமான குழந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலைக் குடிக்கலாம். சில குழந்தைகள் முகம் சுளிக்கும், சில கண்டுகொள்ளாது. உங்கள் குழந்தை இரண்டாவது வகை என்றால் அதிர்ஷ்டம்தான், பயணத்தில் வெந்நீர் தேடி அலைய வேண்டாம். எங்கள் குழந்தை முதல் வகை.

நாம் எட்ட வேண்டியது உடல் சூடு, சுமார் 37 டிகிரி. அதற்கு மேல் போவதால் லாபம் ஒன்றுமில்லை. சூடு ஏற ஏற, நோயை எதிர்க்கும் புரதங்களும் நொதிகளும் சிதையத் தொடங்கும், குழந்தையின் நாக்கும் வெந்துபோகும்.

1. பாட்டிலை இறுக்கமாக மூடுங்கள். நிப்பிளைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். நீரின் மட்டம் மூடியின் விளிம்புக்குக் கீழேயே இருக்கட்டும், கிண்ணத்து நீர் பாலுக்குள் போகக் கூடாது.

2. ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் நீர் எடுத்து அதில் பாட்டிலை நிற்க வையுங்கள். கொதிநீர் வேண்டாம். அடுப்பில் பாத்திரத்தை வைத்து, அதற்குள் பாட்டிலை இறக்குவது கூடவே கூடாது.

3. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து மெதுவாகச் சுழற்றுங்கள். கண்ணாடியை ஒட்டிய பால் முதலில் சூடாகும், நடுவில் உள்ளது குளிர்ந்தே இருக்கும். நீர் ஆறிவிட்டால் மாற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 90 மில்லிக்கு எனக்கு ஐந்தாறு நிமிடம் பிடிக்கும்.

4. உள் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் ஈரம் மட்டும் தெரிந்தால் சரி. சுட்டால் காத்திருங்கள், குழந்தை எவ்வளவு அழுதாலும்.

சுழற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரிட்ஜில் நின்ற தாய்ப்பால் இரண்டாகப் பிரிந்திருக்கும். அடியில் நீலம் பாய்ந்த நீர்த்த பால், மேலே மஞ்சளாக ஓர் ஏடு. முதல் முறை பார்க்கிறவர் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். அது கொழுப்பு, மேலே மிதக்கிறது, அவ்வளவே. பாட்டிலைக் கழுத்தருகே பிடித்து வட்டமாகச் சுழற்றினால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஏடு முதலில் நூல்நூலாக இறங்கி, பிறகு காணாமல் போய், பால் ஒரே நிறமாகும். அதுவரை சுழற்றுங்கள். ஏடு ஒட்டியபடியே கொடுத்தால் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய கொழுப்பு பாட்டிலிலேயே தங்கிவிடும்.

மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். குறைந்த சூட்டிலும் வேண்டாம், பத்து விநாடிக்கும் வேண்டாம், உருக்குவதற்கும் வேண்டாம். அது பாலைச் சீராகச் சூடாக்காது. பாட்டிலின் வெளிப்பக்கம் இதமாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் வாய் வெந்துபோகும் அளவு கொதித்திருக்கும். மணிக்கட்டில் விடும் சொட்டு அந்த இடத்திலிருந்துதான் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பாட்டில் வார்மர் வசதியானதுதான், ஆனால் அது நினைத்ததைவிட அதிகமாகச் சூடாக்கிவிடக்கூடும். அதில் வைத்தாலும் சுழற்றுவதும் சொட்டு விட்டுப் பார்ப்பதும் உண்டு. ‘வெதுவெதுப்பாகவே வைத்திரு’ என்றொரு பொத்தான் சிலவற்றில் இருக்கும். இரவு முழுதும் பாலை அதில் வைத்திருப்பது, கிருமிக்கு மெத்தை விரித்துக் கொடுப்பதற்குச் சமம். நான் வார்மரை ஓரங்கட்டிவிட்டு ஃபிளாஸ்க்குக்கு மாறினேன். படுக்கும் முன் வெந்நீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, கிண்ணத்தோடு பக்கத்தில் வைத்துவிடுவேன். இரண்டு மணிக்குக் குளிர்ந்த நீர் கலந்து பதமாக்கிக்கொண்டால் அடுப்பைப் பற்ற வைக்கும் வேலையே இல்லை.

வாய் வைத்த பிறகு

குழந்தை குடிக்கும்போது எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் நிப்பிள் வழியாகப் பாலுக்குள் போகும். ஆகவே குடித்து முடித்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் மீதியைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். பத்து மணிப் பாட்டிலை இரண்டு மணிக்குக் கொடுக்க முடியாது. திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து இன்னொரு நாள் ஓட்டவும் முடியாது.

கொட்டுவது மனசுக்குக் கஷ்டம்தான். அரை மணி நேரம் பம்போடு உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் நின்றால் இன்னும் கஷ்டம். அதனால்தான் முதலில் குறைவாக ஊற்றுங்கள் என்கிறேன். புகட்டும்போது குழந்தையை நிமிர்த்தி உட்கார்ந்தவாக்கில் பிடித்து, பாட்டிலைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வைத்து, இடையிடையே நிறுத்திக் கொடுத்தால் அது தன் பசிக்கு மட்டும் குடிக்கும். முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள். பாட்டில் காலியாக வேண்டும் என்பதற்காக நெருக்க வேண்டாம்.

வாடையும் நிறமும்

ஒரு நாள் இரவு உருக்கிய பாலை முகர்ந்தால் சோப்பு வாடை. பாட்டிலை நான்தான் சரியாக அலசவில்லை என்று நினைத்து 90 மில்லியைக் கொட்டினேன். அடுத்த பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டு ஊற்றினேன், அதிலும் அதே வாடை. காலையில் மனைவி பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “பாட்டிலில் இல்லை, பாலிலேயே இருக்கிறது” என்றார். தாய்ப்பாலில் இயல்பாகவே இருக்கும் லைபேஸ் என்ற நொதி, குளிரிலும் கொழுப்பைச் சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டே இருக்கும். அதன் வாடைதான் அது. பால் கெட்டுப்போகவில்லை, குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஊசிப்போன புளித்த நாற்றம் வேறு. அது வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குழந்தை அந்த வாடையை ஏற்காவிட்டால், சேமித்த நாளைக் குறைத்துச் சீக்கிரம் கொடுத்துப் பாருங்கள், அல்லது குளிர்ந்த புதுப் பாலோடு கலந்து பாருங்கள். உறைய வைக்கும் முன் பாலை ஓரத்தில் குமிழி வரும் வரை சூடாக்கி, உடனே குளிரவைத்தால் வாடை வராது என்பார்கள். அந்தச் சூடு பாலின் எதிர்ப்புச் சத்துகளையும் சேர்த்து அழிக்கும், வாடை நிச்சயம் போகும் என்றும் சொல்ல முடியாது. முப்பது நாற்பது பை சேர்த்து வைக்கும் முன், ஒரே ஒரு பையை ஒரு வாரம் உறைய வைத்து உருக்கி, குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சீம்பால் அடர்மஞ்சளாக இருக்கும், பிறகு வருவது வெளிறிய வெள்ளையாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும். இளஞ்சிவப்பாக இருந்தால் காம்பு வெடிப்பிலிருந்து இரத்தம் கலந்திருக்கலாம், பெரும்பாலும் குழந்தைக்குத் தீங்கில்லை. ஆனால் அது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், வெடிப்புக்கும் வைத்தியம் வேண்டுமே.

மின்சாரம் போனால்

கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் சுமார் 48 மணி நேரம் குளிரைக் காக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம், ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம். மின்சாரம் வந்த பிறகு பைகளைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பனிக்கட்டித் துகள் இன்னும் இருந்தால் அதை உறைந்த பாலாகவே கருதி மறுபடி உறைய வைக்கலாம். முழுதும் உருகி, ஆனால் குளிர்ந்தே இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி அடுத்த நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

வேறொருவர் கையில் ஒப்படைக்கும்போது

காப்பகமோ உறவினர் வீடோ, ஐஸ் பேக்கோடு அனுப்பி, போனதும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். வேளைக்கு ஒரு பாட்டில் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரும் தேதியும் எழுதுங்கள், கூடவே ஒரு 30 மில்லிப் பாட்டிலும் இருக்கட்டும். அன்பு மிகுந்தவர்கள்தான் மீதிப் பாலை வீணாக்க மனமில்லாமல் எடுத்து வைப்பார்கள், பழக்கத்தில் மைக்ரோவேவைத் திறப்பார்கள். இந்த இரண்டையும் மட்டும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். மற்றதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். மாலையில் காலிப் பாட்டில்கள் வீடு திரும்பியதும் முதல் வேலையாக மூடிகளைக் கழற்றி அலசிவிடுங்கள். நிப்பிளின் மடிப்பில் ஏடு காய்ந்துவிட்டால் இரவு பத்து மணிக்கு நின்று சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும்.